பாய்லர்காரரின் சர்க்கரை நோட்டு

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் குடிப்பாரா?" என்பதுதான். குடித்தான். நாற்பது வயதில் விட்டான், விட்டுப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. இப்படிக் கேட்டவர்களில் ஒருவர்கூட அவன் இன்றைக்குச் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆமா, குடிச்சான். இப்ப நீங்க வந்து ரெண்டு அடி போட்டுட்டுப் போங்க" என்று ஒரு பெரிய மனிதரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் சிகரெட்டைப் பேசிக்கொண்டிருக்கட்டும். என் அண்ணன் கதையில் பெரிய இடம் பிடித்தது சிகரெட் இல்லை, நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதில் அவன் தன் சர்க்கரை அளவை எழுதிவந்தான்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். பெரிய சலவை ஆலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவாலையும் மூட்டை மூட்டையாக வரும். நான் கறை பார்க்கும் மேஜையில் நிற்பவள். அடியில் விளக்கு எரிகிற வெள்ளை மேஜை அது. வெளுத்து வந்த துணியை அதன்மேல் இழுத்துப் பரப்பி, எங்கேயாவது ரத்தமோ துருவோ டீயோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திரும்பத் துவைக்கப் போடவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கடுகளவு கறைகூட என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் ஆடாத ஆட்டமில்லை.

அண்ணன் ஆலையின் பின்பக்கத்தில் பாய்லர் பார்த்தான். வீட்டில் எல்லாருக்கும் அண்ணன், ஆலையில் எல்லாருக்கும் பாய்லர்காரர். துவைக்கிற மெஷினுக்கும் காயவைக்கிற மெஷினுக்கும் இஸ்திரி உருளைக்கும் அவன் அனுப்புகிற நீராவிதான் உயிர். மணிக்கு ஒருமுறை கேஜைப் பார்த்து, அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுத வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு எட்டுக் கட்டம். ஆனால் எங்கள் ஆலையில் அனுபவப்பட்ட ஆள் எவரும் மணிக்கு ஒருமுறை எழுதியதே இல்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் டீயைக் குடித்துக்கொண்டே எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். ஏழு, ஏழு, ஏழரை, ஏழு. எட்டும் ஒரே மாதிரி இருந்தால் மேலே இருக்கிறவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று நடுவில் ஒரு ஏழரை.

அதைப் பொய் என்று அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்குக் கேஜ் தேவைப்படவில்லை, காது போதும். ஒருநாள் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடினான். ஆலை முழுக்க மெஷின்கள் இரைகிற இரைச்சலில், தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது அவனுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பாய்லர் வறண்டு, நாங்கள் எல்லாரும் போட்டோவில்தான் இருந்திருப்போம். அன்றைக்கு மேனேஜர் வந்து கை கொடுத்தார். அண்ணன் திரும்பி வந்து ஆறிப்போன சாப்பாட்டை எடுத்துவைத்துச் சாப்பிட்டான். "சத்தம் மாறுச்சுன்னா எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவன் வாழ்ந்தான். அதுவே பின்னால் அவன் காலை வாரிவிட்டது.

சர்க்கரை எங்கள் வீட்டுச் சொத்து. அம்மாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. உனக்கு என்று யாராவது கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்பேன். சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

அண்ணன் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுவான். வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ரத்தம் கொடுப்பான். அதனால் அவன் மெலிய ஆரம்பித்தபோது எல்லாரும் சர்க்கரையின்மேல் பழியைப் போட்டோம். களைத்தால் சர்க்கரை, கால் மரத்துப்போனால் சர்க்கரை, சட்டை தொளதொளத்தால் சர்க்கரை. இருமலுக்குப் பாய்லர் அறைப் புகை. இப்படி ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. அதை அவன் என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். "கறை பாக்குறவளே, இது என்னன்னு சொல்லு" என்றான் சிரித்துக்கொண்டே. மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

புற்றுநோய் மருத்துவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார். கட்டி நுரையீரலோடு நிற்கவில்லை, மார்புக்கு நடுவில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்கும் போய்விட்டது, அறுத்து எடுக்க முடியாது. ஆனால் மருந்து கேட்கக்கூடிய வகை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கீமோ. நாள் தவறாமல் ஆறையும் முடித்தால் நல்ல காலம் கொஞ்சம் நீளும் என்றார். எவ்வளவு நீளும் என்று அண்ணன் கேட்டான். ஆறை முடிங்க, அப்புறம் பேசுவோம் என்றார். அன்றையிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரே குறி, ஆறு. ஆறையும் நாள் தவறாமல் முடிக்க வேண்டும்.

மூன்று பேர் என்றால் அண்ணன், அண்ணி, நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பது வருஷமாக அண்ணிக்கு அவன்தான் பிள்ளை, அவனுக்கு அண்ணிதான் எல்லாம். அண்ணி வாய் அதிராதவர். நான் ஒரு வருஷத்தில் பேசுகிறதை அவர் பத்து வருஷத்தில்கூடப் பேச மாட்டார். சமையல்தான் அவர் பேச்சு.

முதல் கீமோ அன்றைக்கு நர்ஸ் எங்களை உட்காரவைத்து ஒரு நூறு விஷயம் சொன்னாள். வாந்தி வந்தால் இது, காய்ச்சல் வந்தால் உடனே இங்கே, காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளணும். அந்த நூறில் ஒன்று, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்து எழுதிக்கொண்டு வாங்க, இருநூற்றைம்பதைத் தாண்டினால் போன் பண்ணுங்க என்றாள். நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். அண்ணி காதில் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது விழுந்தது. அண்ணன் காதில் இரண்டு தடவை என்பது விழுந்தது. என் காதில் காய்ச்சல் விழுந்தது. ஸ்டீராய்டு யார் காதிலும் விழவில்லை.

சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்றும், ஐம்பது சோதனைப் பட்டை உள்ள டப்பா ஒன்றும், நீல அட்டை நோட்டு ஒன்றும் வாங்கினோம். முதல் நாள் அண்ணன் விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டு, பாய்லர் அறையில் கத்துகிற மாதிரியே கத்தினான், "முந்நூத்தி எண்பத்தாறு!"

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "நான் என்ன தப்பா சமைச்சேன்?" என்று கேட்டார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் மறுநாளிலிருந்து அண்ணன் தட்டில் பாதியைக் குறைத்தார். பழம் போயிற்று, பால் போயிற்று. அப்படியும் அன்று நானூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து, சர்க்கரையைத் தின்றுதான் அந்தக் கட்டியே வளரும் என்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். நல்ல நாளிலேயே அந்த அம்மா வாயைத் திறந்தால் வீடு ரெண்டாகும். அண்ணி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையாலேயே அவருக்கு நான் விஷம் வைக்கிறேன் என்று என்னிடம் சொல்லி அழுதார். நான் பக்கத்து வீட்டம்மாவைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

மூன்றாம் நாளிலிருந்து எண் இறங்கிவிட்டது. நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பத்தெட்டு. நூற்று ஐம்பது. அண்ணி முகத்தில் மறுபடியும் ரத்தம் ஓடியது. அண்ணன் தினமும் காலையில் தனியாக அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொல்வான், அண்ணி தட்டில் கொஞ்சம் கூடப் போடுவார். நான் ஒருநாள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பரவாயில்லையே, பாய்லரைவிட உடம்பை நல்லா ஓட்டுறியே என்றுகூடச் சொன்னேன். கறை பார்க்கிற கண்!

இரண்டாவது கீமோவுக்கு மருத்துவர் நோட்டைப் பார்த்தார். முதல் ரெண்டு நாள் மருந்தால் ஏறி, அப்புறம் இறங்கியிருக்கு, நல்லது என்றார். ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தின நாள் அங்கே ரத்தம் எடுப்பார்கள். அண்ணன் அதற்கு முந்தின மதியத்திலிருந்தே பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டான். பயமாக இருக்கிறது, பசிக்கவில்லை என்பான். நாங்களும் நம்பினோம். இரண்டு முடிந்தது. மூன்று முடிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் அழுதேன். அண்ணன், "இதுக்கே இப்படின்னா ஆறு முடிஞ்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டு என் தலையில் தட்டினான். நான்கும் முடிந்தது. இன்னும் இரண்டுதான்.

நான்காவது கீமோ முடிந்த வாரத்தில் அவன் பாய்லரைப் பார்க்க ஆலைக்கு வந்தான். புதுசாகப் போட்டிருந்த ஆளுக்கு அதன் சத்தம் பிடிபடவில்லையாம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சூடான தரையில் அரை மணி நேரம் நின்றுகொண்டு பேசியிருக்கிறான். மரத்துப்போன பாதம். கொப்புளம் வந்தது அவனுக்குத் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. நாலு நாள் கழித்துக் காய்ச்சல் அனலாய் அடித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பாதம் கறுத்து வீங்கியிருந்தது. ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளையணு அடிமட்டத்தில் இருந்தது. சர்க்கரை ஐந்நூற்று இருபத்தாறு.

மருத்துவர் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். நோட்டு எங்கே என்று கேட்டார். நான்தான் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். நேற்றுக் காலையில்கூட நூற்று நாற்பத்து நான்கு டாக்டர், இங்கே உங்கள் மெஷின்தான் தப்பாகக் காட்டுகிறது என்று வாயாடினேன். எங்கள் பைக்குள் இருந்த மெஷினை எடுக்கச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தார். அவள் பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். பழைய எண்கள் தேதியோடு ஒவ்வொன்றாக வந்தன. மொத்தம் ஐந்தே ஐந்து. முந்நூற்று எண்பத்தாறு, நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நானூற்று ஐந்து, நானூற்று நாற்பது. ஐந்தும் முதல் வாரத்து எண்கள். அதற்கப்புறம் பத்து வாரமாக அந்த மெஷினை யாரும் தொடவில்லை.

பாய்லர் கேஜுக்கு ஞாபகம் கிடையாது. முள் நகர்ந்தால் பழசு போயிற்று. இந்தச் சனியன் பிடித்த மெஷின் எல்லாவற்றையும் வைத்திருந்தது.

நான் நோட்டைத் திரும்ப வாங்கி, என் மேஜையில் துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இப்போது தெரிந்தது. ஏழு நாளின் எண்களும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில். அடுத்த ஏழு நாளும் அப்படியே. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு, சந்தேகம் வராமல் இருக்க நடுவில் ஒரு நூற்று அறுபது. எட்டுக் கட்டத்தையும் டீ குடித்துக்கொண்டே நிரப்பியிருக்கிறான். ரத்தம் எடுக்கிற நாளுக்கு முன்னால் பட்டினி கிடந்ததும் இதை மறைக்கத்தான். இருபத்திரண்டு வருஷம் விளக்கு மேஜையில் நின்றவளுக்கு இது தெரியவில்லையே என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மூன்று நாள் கழித்து அவனுக்குக் கண் தெளிந்தது. மூக்கில் குழாய், கையில் குழாய், காலில் கட்டு. அண்ணி துணி துவைக்கப் போயிருந்தார். நோயாளி என்றும் பார்க்கவில்லை, நான் கேட்டுவிட்டேன்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே? உன் உசுரு உனக்கு விளையாட்டா?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உடம்பு சத்தம் எனக்குத் தெரியும்னு நினைச்சேன். ஏறினா தெரியும்னு நினைச்சேன்."

"புளுகாதே. அஞ்சு தடவை ஏறினதைப் பாத்திருக்கே. அப்புறம்தானே நிறுத்தினே?"

"ஒவ்வொரு நம்பருக்கும் அவ செத்துச் செத்துப் பொழைச்சா. என் தட்டைப் பாத்து அழுவா, அவ தட்டைத் தொட மாட்டா. எனக்கு வந்த சீக்குக்கு அவ ஏன் பட்டினி கிடக்கணும்? நல்ல நம்பர் சொன்னேன், சாப்பிட்டா. அவ்வளவுதான்."

அவன் என் கையைப் பிடித்தான். "அவகிட்ட இதைச் சொல்லாதே. சோம்பேறித்தனத்துல குத்தலைன்னு சொல்லிடு. அவளுக்காகன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா." சரி என்றேன். அண்ணியிடம் அப்படியே சொன்னேன். உங்க வீட்டுக்காரருக்கு விரலைக் குத்தச் சோம்பேறித்தனம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைச்சிருக்கார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவர் என்னை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். தட்டில் இருந்த சாப்பாடு காரணமே இல்லை, ஸ்டீராய்டுதான் காரணம் என்றார். உண்மையான எண்ணைக் காட்டியிருந்தால் அன்றைக்கே இன்சுலின் போட்டு இறக்கியிருப்பார்களாம். சாப்பிடுகிற சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதும் சும்மா பேச்சு. இந்த நோயில் உடம்பு இளைப்பதுதான் ஆபத்து, நன்றாகச் சாப்பிட வேண்டும், ஏறினால் ஊசி இருக்கிறது என்றார். ஒவ்வொரு தடவை ஸ்டீராய்டு கொடுத்த பிறகும் நோட்டில் நூற்று நாற்பதே இருந்தது தனக்கே உறைத்திருக்க வேண்டும் என்று தன்னையும் சேர்த்தே குறை சொல்லிக்கொண்டார். அந்த ஒரு பேச்சுக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் கேட்டேன், "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த நோய் வந்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே, நிஜமா?"

"நிறையப் பேரைக் கணக்கெடுத்துப் பாத்ததுல, ரெண்டும் இருக்கிறவங்களுக்கு ஆயுசு கொஞ்சம் குறைச்சலாத்தான் தெரியுது. அப்படி இல்லைன்னு சொல்ற ஆய்வும் இருக்கு" என்றார். "உங்க அண்ணனுக்கு எப்படின்னு அந்தக் கணக்கு சொல்லாது. எனக்கு இருக்கிற பயம் வேற. சர்க்கரை இப்படி எகிறினா என்னைக் கீமோ கொடுக்க விடாது. அதான் இப்ப நடந்திருக்கு."

ஆறும் நாள் தவறாமல் என்று இருந்தது போயிற்று. புண் ஆறுவதற்கும் வெள்ளையணு ஏறுவதற்கும் ஏழு வாரம் ஆனது. காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதற்கப்புறம் எடுத்த ஸ்கேனில் கட்டி பழைய அளவுக்கே வந்திருந்தது. கல்லீரலில் புதிதாக ஒரு புள்ளி. மருந்தை மாற்றினார்கள். அந்த ஏழு வாரம் தவறாமல் இருந்திருந்தால் என்று நான் மருத்துவரிடம் ஆரம்பித்தேன். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார். யாராலும் சொல்ல முடியாது என்கிற வார்த்தையைப்போல ஒரு கொடுமையான வார்த்தை கிடையாது. திட்டுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காது.

அதற்குப்பின் அண்ணன் பதினோரு மாதம் இருந்தான். அந்தப் பதினோரு மாதமும் நோட்டில் ஒரு பொய் எண் கிடையாது. விரலைக் குத்துவது அண்ணி, இன்சுலின் போடுவது அண்ணி, எழுதுவது அண்ணி. எண்ணைப் பார்த்துக் கத்துவது மட்டும் அவன். "முந்நூத்திப் பத்து. வால்வைத் திற!" என்பான். அண்ணி ஊசியை எடுப்பார். கத்தும்போதே இருமல் வரும், இருமி முடித்துவிட்டுச் சிரிப்பான். அண்ணன் தட்டில் மறுபடி பழம் வந்தது, பால் வந்தது. எண் எவ்வளவு ஏறினாலும் நான் என்ன தப்பா சமைச்சேன் என்று அவர் அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இதையே முதல் வாரத்தில் செய்திருக்கக்கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடக்கிக்கொள்வேன்.

கடைசியில் மூச்சுதான் அவனை விட்டது. மழை பெய்த ஒரு காலைப் பொழுதில், ஜன்னலைத் திறக்கச் சொன்னான். தெரு மேட்டில் ஒரு லாரி ஏறமுடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். "கிளட்ச் போயிருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் கைக்குள் இருந்த அவன் கை கனத்துப்போயிற்று. ஆலையில் அன்றைக்குப் புது பாய்லர்காரர் அவன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே ஷிஃப்ட் பார்த்தாராம்.

நாற்பது நாள் கழித்து அண்ணியோடு உட்கார்ந்து அலமாரியை ஒழித்தேன். மாத்திரை அட்டைகள், ஸ்கேன் உறைகள், இன்சுலின் ஊசிகள். எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த முதல் பட்டை டப்பா. நான் அதைக் குப்பைப் பையில் போடப் போனேன். அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இதுல நாற்பத்தஞ்சு இருக்கு" என்றார்.

எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இப்போது எண்ணவில்லை என்றார். முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரமே எண்ணியிருக்கிறார்.

"கடைக்குப் போறது நான். ஒரு நாளைக்கு ரெண்டுன்னா, ஐம்பது பட்டை இருபத்தஞ்சு நாளுக்குத்தானே? ரெண்டாவது டப்பா வாங்கிட்டு வான்னு அவர் சொல்லவே இல்லை. திறந்து பாத்தேன். நாற்பத்தஞ்சு."

"தெரிஞ்சா ஏன் அண்ணி கேக்கலை?"

"நல்ல நம்பர் சொல்ற அன்னிக்கு என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நான் அழாம இருக்கத்தான் சொல்றார்னு தெரியும். நான் நம்புறேன்னு அவர் நினைச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்." டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் அந்த நம்பர் வேணும்போல இருந்துச்சு. நிஜ நம்பரைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா..."

அண்ணன் என்னிடம் வாங்கின சத்தியத்தை இத்தனை நாள் நெஞ்சில் கட்டிச் சுமந்தேன். அது யாருக்குத் தெரியக்கூடாது என்று சுமந்தேனோ, அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவன் அவருக்காக மறைத்தான், அவர் அவனுக்காகத் தெரியாதவர்போல் இருந்தார், நடுவில் நான் பூசணிக்காய்க் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுவது? இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு மூன்று பேருமாகச் சேர்ந்து அவனுடைய ஏழு வாரத்தைத் தின்றுவிட்டோம். நான் அண்ணியின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அழுது ஓய்ந்தபின் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அண்ணி செம்பைக் கொடுக்காமல் என்னையே பார்த்தார். இந்த ஆறு மாதமாக எனக்கு இப்படித்தான் தாகம். ஆலை வெக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று எனக்கே புரிந்தது. இடது கையை நீட்டினேன்.

அண்ணி அலமாரியிலிருந்து மெஷினை எடுத்தார். பழைய டப்பாவில் இருந்த பட்டைகள் கெட்டுப்போயிருக்கும் என்று அண்ணன் கடைசியாகப் பயன்படுத்திய டப்பாவிலிருந்து ஒன்றை உருவினார். என் மோதிர விரலைத் துடைத்துக் குத்தினார். பதினோரு மாதம் குத்திய கை, வலிக்கவே இல்லை. இருவரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

இப்போதுதான் அழுதேன், அதனால் ஏறியிருக்கும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். என்ன சாப்பிட்டே என்று அண்ணி கேட்கவில்லை. நீல நோட்டை எடுத்தார். அண்ணனின் கடைசி எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே என் எண்ணை உள்ளபடி எழுதினார்.

"நாளைக்குக் காலையில சாப்பிடாம வா" என்றார். முப்பது வருஷத்தில் என்னை அதட்டுகிற மாதிரி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. சரி அண்ணி என்றேன்.